கை வைக்கும் முன் கண்ணில் படட்டும்: மடிக்கணினி முதல் சர்வர் வரை கருவிகளை அமைக்கும் முறை

2017 ஜனவரி 31 அன்று இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணைத் தரவுத்தளச் சர்வரில் இருப்பதாக எண்ணிக்கொண்டு முதன்மைச் சர்வரின் தரவு அடைவை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளிலேயே தவறு புரிந்து நிறுத்தினார் என்றாலும், ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் அதற்குள் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியிருந்தது. அந்த நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் விரிவாக வெளியிட்டது. பின்னர் அவர்கள் பட்டியலிட்ட திருத்த வேலைகளுள் ஒன்று மிக எளியது: எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்பது பார்த்தவுடன் விளங்கும்படி எல்லாச் சர்வர்களின் ப்ராம்ப்டையும் (கட்டளை தட்டும் வரியின் தொடக்கத்தில் தெரியும் குறிப்பு) மாற்றுவது.

கருவிகளை அமைக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் வேகத்தைத் தேடுகிறார்கள். நான் முதலில் தேடுவது வேறொன்று: ஒரு கட்டளை எந்த இயந்திரத்தில் எதை மாற்றப்போகிறது என்பதை, அது ஓடுவதற்கு முன்பே எனக்குக் காட்டுமா? கையால் செய்யும் தவறு ஒரு சர்வரோடு நிற்கும். தானியங்கியாகச் செய்யும் தவறு பட்டியலில் உள்ள அத்தனை சர்வர்களுக்கும் போய்ச் சேரும். ஒரு மடிக்கணினி, மூன்று நான்கு லினக்ஸ் சர்வர்கள், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓரிருவர் என்ற அளவிலான இடத்தை மனத்தில் வைத்து, இந்தக் கேள்வியை ஒவ்வொரு கருவியிடமும் எப்படிக் கேட்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். கட்டளைகளின் பெயர்கள் ஒலிக்கும் விதத்திலேயே தரப்பட்டுள்ளன.

ப்ராம்ப்டும் ஷெல்லும்

சர்வர்களுக்கு முதலில் பொருளுள்ள பெயர் வையுங்கள். மேகக் கணினி நிறுவனங்கள் தாமாகத் தரும் பெயர் வெறும் எண்களும் கோடுகளுமாக இருப்பதால், இரண்டு சாளரங்கள் திறந்திருக்கும்போது எது எது என்று கண்ணுக்குத் தெரியாது. பெயரிலேயே அதன் பணியும் சூழலும் இருக்கட்டும்; சோதனைச் சர்வரின் ப்ராம்ப்ட் பச்சையாகவும், மக்கள் பயன்படுத்தும் சர்வரின் ப்ராம்ப்ட் சிவப்புப் பின்னணியிலும் தெரியட்டும். பாஷ் ஷெல்லில் (தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) இதற்குரிய மாறி பிஎஸ்1 ஆகும். நிறக் குறியீடுகளைப் பின்சாய்கோட்டோடு கூடிய சதுர அடைப்புக்குறிகளுக்குள் வைக்க மறந்தால், ஷெல் அவற்றையும் எழுத்துகளாக எண்ணி வரியின் நீளத்தைத் தப்பாகக் கணக்கிடும். நீண்ட கட்டளைகளைத் திருத்தும்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழப்பும். பலர் நிற ப்ராம்ப்டைக் கைவிடுவது இந்தச் சிறு பிழையால்தான்.

கட்டளை வரலாற்றில் நேரமும் பதிவாகும்படி ஹிஸ்ட்டைம்ஃபார்மேட் மாறியை அமைத்துக்கொள்ளுங்கள். கோளாறு நேர்ந்த பிறகு, நேற்று மாலை யார் எதைச் செய்தார் என்ற கேள்விக்கு முதல் தடயம் அங்கேதான் கிடைக்கும். ஹிஸ்ட்கன்ட்ரோல் மாறியில் இக்னோர்ஸ்பேஸ் என்று கொடுத்துவிட்டால், இடைவெளியில் தொடங்கும் கட்டளைகள் வரலாற்றில் ஏறாது. கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் கொடுத்தே ஆகவேண்டிய அரிய தருணங்களில் இது உதவும்.

இந்த அமைப்புக் கோப்புகள் அனைத்தையும், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் களஞ்சியம் ஒன்றில் வைத்து, குனு ஸ்டோ போன்ற கருவியால் இல்ல அடைவுக்கு இணைப்பு கொடுத்துவிட்டால், புதிய மடிக்கணினி வாங்கும் நாளில் அரை நாள் மிச்சமாகும். அந்தக் களஞ்சியத்துக்குள் தனிச்சாவிகளும் டோக்கன்களும் (கடவுச்சொல்லுக்கு நிகரான நுழைவுக் குறிகள்) ஒருபோதும் போகக்கூடாது. தவறிப் போய்விட்டால், அடுத்த கமிட்டில் (களஞ்சியத்தில் பதியும் ஒரு மாற்றத் தொகுப்பு) கோப்பை நீக்குவதால் பயனில்லை; பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். அந்தச் சாவியைச் செல்லாததாக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குவதே ஒரே வழி.

கிட் அமைப்பில் கவனிக்க வேண்டியவை

அலுவலகக் களஞ்சியத்தில் சொந்த மின்னஞ்சல் முகவரியோடு கமிட் செய்துவிட்டுப் பிறகு வருந்தாதவர் குறைவு. இதைத் தடுக்க இரண்டு அமைப்புகள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது, யூசர் பிரிவில் உள்ள யூஸ்கான்ஃபிக்ஒன்லி. இதை இயக்கிவிட்டால், மின்னஞ்சல் வெளிப்படையாகக் கொடுக்கப்படாத இடத்தில் கிட் தானாக ஒன்றை ஊகிக்காமல் கமிட்டையே மறுத்துவிடும். இரண்டாவது, 2017இல் வந்த இன்க்ளூட்இஃப். குறிப்பிட்ட அடைவுக்குள் இருக்கும் களஞ்சியங்களுக்கு மட்டும் தனி அமைப்புக் கோப்பை இது சேர்க்கும். அலுவலக வேலைகள் ஓர் அடைவிலும் சொந்த வேலைகள் மற்றோர் அடைவிலும் இருந்தால், முகவரி தானாக மாறிக்கொள்ளும். அடைவின் பெயரை இறுதிச் சாய்கோட்டோடு எழுத வேண்டும். அந்தக் கோடு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் களஞ்சியங்கள் எதற்கும் அது பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது. எந்த அமைப்பு எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்ற ஐயம் எழும்போதெல்லாம், கிட் கான்ஃபிக் கட்டளையை லிஸ்ட், ஷோஆரிஜின் என்ற இரு விருப்பங்களோடு ஓட்டிப் பாருங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கிட் தன் இயல்புநிலையில் ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்துகளுக்கான அடிப்படைக் குறிமுறை) அப்பாற்பட்ட பெயர்களை எண் குறியீடுகளாகவே காட்டும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 15 எண்தொகுதிகளாக விரியும். கோர் பிரிவில் கோட்பாத் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் பெயர் பெயராகவே தெரியும். எந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று வாசிக்க முடியாத நிலையில் கமிட் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும்.

எஸ்எஸ்ஹெச்: முதலில் வந்ததே நிலைக்கும்

சர்வர் வேலையில் மிக அதிகமாகப் பயன்படும் கருவி, தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச். மிகக் குறைவாகக் கற்கப்படுவதும் அதுவே. ஒவ்வொரு முறையும் பயனர்பெயர், ஐபி முகவரி, போர்ட் எண், சாவிக் கோப்பு என்று நீட்டி முழக்குவதற்குப் பதிலாக, இல்ல அடைவில் உள்ள எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சிறு பெயர் கொடுத்து இவற்றை அதன்கீழ் எழுதிவையுங்கள். பின்னால் வரப்போகும் அன்சிபிள் உட்படப் பல கருவிகள் இதே கோப்பைப் படித்துக்கொள்ளும் என்பதால், இங்கே செலவிடும் ஒரு மணி நேரம் வீண்போகாது.

இந்தக் கோப்பின் அடிப்படை விதி பலருக்கும் தெரிவதில்லை. ஓர் அமைப்புக்குப் பல இடங்களில் மதிப்பு கொடுக்கப்பட்டிருந்தால், முதலில் கண்ணில் பட்டதையே எஸ்எஸ்ஹெச் எடுத்துக்கொள்ளும்; பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை மாற்றும் என்ற வழக்கமான எதிர்பார்ப்பு இங்கே செல்லாது. ஆகவே குறிப்பிட்ட சர்வர்களுக்கானவை மேலேயும், எல்லாவற்றுக்கும் பொதுவான நட்சத்திரக் குறிப் பிரிவு கடைசியிலும் இருக்க வேண்டும். எழுதி முடித்ததும், எஸ்எஸ்ஹெச் கட்டளைக்குப் பெரிய எழுத்து ஜி விருப்பத்தைக் கொடுத்துச் சர்வரின் சிறுபெயரைத் தாருங்கள். அது இணைப்பு எதையும் ஏற்படுத்தாமல், எந்தப் பயனராக, எந்த முகவரிக்கு, எந்தச் சாவியோடு போகப்போகிறது என்பதை மட்டும் அச்சிட்டுவிட்டு நின்றுவிடும்.

புதிய சாவிக்கு ஈடி25519 வகை போதுமானது. 2014இல் வெளிவந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 6.5 முதல் அது கிடைக்கிறது. வாடிக்கையாளருக்கு ஒன்று என்று சாவிகள் சேர்ந்துவிட்டால் இன்னொரு தொல்லை வரும். ஏஜென்டில் (சாவிகளை நினைவில் வைத்திருக்கும் துணை நிரல்) உள்ள சாவிகளை எஸ்எஸ்ஹெச் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்க்கும். சர்வர்கள் இயல்பாக 6 முயற்சிகளோடு கதவை மூடிவிடும் என்பதால், சரியான சாவி ஏழாவதாக இருந்தால் அதற்கு முறையே வராது. ஐடென்டிட்டிஸ்ஒன்லி என்பதை இயக்கி, ஒவ்வொரு சர்வருக்கும் உரிய சாவியைக் குறிப்பிட்டுவிட்டால் இது தீரும்.

உள்வலையில் இருக்கும் சர்வருக்கு இடைச் சர்வர் வழியாகப் போக வேண்டியிருக்கும்போது, ஏஜென்ட் ஃபார்வர்டிங்கை (உங்கள் ஏஜென்டை இடைச் சர்வரிலிருந்தும் பயன்படுத்தவிடும் வசதி) இயக்கிவிடுவது பழைய பழக்கம். இடைச் சர்வரில் ரூட் (முழு நிர்வாக) உரிமை உள்ள எவரும், நீங்கள் இணைந்திருக்கும் நேரமெல்லாம் உங்கள் ஏஜென்டைத் தம்முடையதுபோலப் பயன்படுத்தலாம் என்பதை அதைப் பயன்படுத்துவோர் யோசிப்பதில்லை. 2016 முதல் உள்ள ப்ராக்ஸிஜம்ப் இதே வேலையைச் சாவியை அங்கே காட்டாமலே செய்கிறது. இனி ஃபார்வர்டிங் தேவைப்படும் இடம் மிக அரிது.

சர்வர் பக்கத்து அமைப்பைத் தொடும்போது கூடுதல் கவனம் வேண்டும். கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டதாக நம்பி மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வரை நான் பார்த்திருக்கிறேன். முதன்மைக் கோப்பில் ‘வேண்டாம்’ என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் உபுண்டுவில் அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு துணை அடைவின் கோப்புகள் சேர்க்கப்படுகின்றன. மேகக் கணினிப் படிமத்தோடு வந்த ஒரு கோப்பு அங்கே ‘வேண்டும்’ என்று எழுதிவைத்திருந்தது. முதலில் வந்ததே நிலைக்கும் என்ற அதே விதி சர்வர் பக்கத்திலும் ஆள்கிறது. சர்வர் பக்கத்து எஸ்எஸ்ஹெச்டி நிரலைப் பெரிய எழுத்து டி (T) விருப்பத்தோடு ஓட்டினால், எல்லாக் கோப்புகளையும் சேர்த்தபின் உண்மையில் நடப்பில் உள்ள மதிப்புகள் தெரியும். சிறிய எழுத்து டி (t) விருப்பம் எழுத்துப்பிழைகளைச் சோதிக்கும். இரண்டையும் பார்த்தபின் சேவையை மறுபடி ஏற்றுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்த்துவிட்டுத்தான் பழையதை மூட வேண்டும்.

இன்னொரு சிறு செய்தி: டெபியன், உபுண்டு கணினிகள் உங்கள் மொழி அமைப்பையும் எஸ்எஸ்ஹெச் வழியே சர்வருக்கு அனுப்பிவைக்கும். மடிக்கணினியைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்குச் சர்வரில் அந்த மொழி இல்லை என்ற எச்சரிக்கை வரும். அதைவிட முக்கியமாக, வரிசைப்படுத்தும் முறையும் செய்திகளின் மொழியும் மாறிவிடக்கூடும் என்பதால், கட்டளைகளின் வெளியீட்டை வாசித்து முடிவெடுக்கும் ஸ்கிரிப்டுகள் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்புகள்) பிறழும். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எல்சிஆல் மாறியைச் சி என்று வைத்துவிடுவது நல்லது.

ஷெல் ஸ்கிரிப்ட்

2015 ஜனவரியில், லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒன்று சிலருடைய கோப்புகளை மொத்தமாக அழித்தது. நிறுவல் அடைவின் பெயர் இருக்க வேண்டிய மாறி வெறுமையாக இருந்ததால், அந்த அடைவுக்குள் இருப்பவற்றை அழிக்க வேண்டிய வரி, வேர் அடைவுக்குள் இருப்பவற்றை அழிக்கும் வரியாக மாறிவிட்டது. செட் கட்டளையில் இ, யு ஆகிய விருப்பங்களையும் பைப்ஃபெயிலையும் (பிழை நேர்ந்தாலோ வரையறுக்காத மாறி வந்தாலோ ஸ்கிரிப்டை நிறுத்துபவை) முதல் வரியிலேயே வைப்பது இத்தகையவற்றுக்கு எதிரான முதல் காப்பு. ஆனால் வெறுமையாக ‘வரையறுக்கப்பட்ட’ மாறியை யு விருப்பம் பிடிக்காது. அழிக்கும் கட்டளைகளில் மாறியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து எழுதினால்தான் வெறுமையைக் கண்டதும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஷெல்செக் கருவியை எடிட்டர் மென்பொருளோடு இணைத்துக்கொண்டால், மேற்கோள்குறி விடுபட்ட மாறிகளை அது எழுதும்போதே சுட்டிக்காட்டும். ஒரு ஸ்கிரிப்ட் 100 வரியைத் தாண்டி, இரண்டாவது சர்வருக்கும் தேவைப்படுகிறது என்றால், அது அன்சிபிளுக்கு மாறும் நேரம்.

அன்சிபிள்: இரண்டாம் முறை ஓட்டும்போது என்ன நடக்கிறது?

சர்வர்களைத் தானியங்கியாக அமைக்கும் கருவியாக 2012இல் வெளிவந்த அன்சிபிள், சிறு குழுக்களுக்குப் பொருந்திப்போவதற்குக் காரணம், சர்வர்களில் தனி முகவர் மென்பொருள் எதையும் நிறுவக் கேட்பதில்லை என்பது. எஸ்எஸ்ஹெச் நுழைவும், எதிர்முனையில் பைத்தானும் இருந்தால் போதும். சர்வர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை யாமல் (அமைப்புகளை எழுதும் எளிய உரை வடிவம்) கோப்புகளில் எழுதுகிறோம். இருக்கும் நிலைக்கும் இருக்க வேண்டிய நிலைக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் அது சரிசெய்கிறது.

ஒரு ப்ளேபுக் (இப்படி எழுதிய படிகளின் கோப்பு) ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்பதற்கு எளிய சோதனை உண்டு. அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை ‘மாறியவை’ என்ற எண்ணிக்கை 0 ஆக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், பெரும்பாலும் ஷெல் அல்லது கமாண்ட் மாட்யூலைப் பயன்படுத்திய படிதான் காரணமாக இருக்கும். அவற்றால் எதையும் ஒப்பிட முடியாது என்பதால் ஓடும்போதெல்லாம் ‘மாறியது’ என்றே சொல்லும். கிரியேட்ஸ் விருப்பத்தின் மூலம் ‘இந்தக் கோப்பு இருந்தால் ஓட்டாதே’ என்று சொல்லலாம். சேஞ்ச்டுவென் மூலம் எது மாற்றம், எது மாற்றமில்லை என்பதை நீங்களே வரையறுக்கலாம். இந்த எண்ணிக்கை 0 ஆக இருப்பது வெறும் அழகுக்காக அல்ல. எப்போதும் 5 மாற்றங்கள் காட்டும் ப்ளேபுக்கில் ஆறாவதாக ஒன்று வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

செக், டிஃப் ஆகிய இரு விருப்பங்களையும் சேர்த்து ஓட்டினால், எந்தக் கோப்பில் எந்த வரி மாறும் என்பதை அன்சிபிள் காட்டும், எதையும் தொடாது. இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்; அதே நேரத்தில் இதன் எல்லையையும் அறிந்திருங்கள். ஷெல், கமாண்ட் படிகளை அது பொதுவாகத் தாண்டிப் போய்விடும். அவற்றின் விளைவை நம்பியிருக்கும் அடுத்த படிகள் அப்போது தடுமாறும். டிஃப் விருப்பம் டெம்ப்ளேட்டின் உள்ளடக்கத்தை அப்படியே காட்டுவதால், வால்ட்டில் (அன்சிபிளின் மறையாக்கப் பெட்டகம்) பூட்டி வைத்த கடவுச்சொல்லும் திரையிலும் பதிவுகளிலும் வந்து நின்றுவிடும். அத்தகைய படிகளுக்கு மட்டும் நோலாக் அல்லது டிஃப் நிறுத்தத்தைக் கொடுத்து வையுங்கள்.

அனுபவசாலிகளையும் ஏமாற்றும் ஓர் இடம், மாற்றம் நேர்ந்தால் மட்டும் ஓடும் படியான ஹேண்ட்லர். என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருளின் அமைப்புக் கோப்பு மாறினால் சேவையை மறுபடி ஏற்று என்று ஒரு ஹேண்ட்லர் எழுதியிருக்கிறீர்கள் என்று கொள்வோம். கோப்பு மாறியது; ஹேண்ட்லர் ப்ளேயின் முடிவில் ஓடக் காத்திருக்கிறது; இடையில் வேறொரு படி தோல்வியுற்றது. இயல்புநிலையில் அந்த ஹேண்ட்லர் ஓடாது. நீங்கள் பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டுகிறீர்கள்; இப்போது கோப்பு ஏற்கெனவே சரியாக இருப்பதால் மாற்றம் இல்லை, எனவே ஹேண்ட்லருக்கு அழைப்பும் இல்லை. எல்லாம் பச்சையாகத் தெரிய, சேவை மட்டும் பழைய அமைப்போடு ஓடிக்கொண்டிருக்கும். ஃபோர்ஸ்ஹேண்ட்லர்ஸ் அமைப்பை இயக்குவதோ, முக்கியமான படிகளுக்குப் பின் ஃப்ளஷ்ஹேண்ட்லர்ஸ் கொடுப்பதோ இதற்குத் தீர்வு.

யாமலும் தன் பங்குக்கு வலை விரிக்கும். கோப்பின் உரிமையை 644 என்று மேற்கோள்குறியும் முன்சுழியமும் இல்லாமல் எழுதினால், அது பதின்ம எண்ணாகக் கொள்ளப்பட்டு, எண்ம முறையில் 1204 என்ற விசித்திரமான உரிமையாக மாறிப்போகும். எப்போதும் மேற்கோள்குறிக்குள் 0644 என்றே எழுதுங்கள். யாருக்கு நிர்வாக உரிமை என்று சொல்லும் சுடோயர்ஸ் போன்று, தவறினால் வாசலையே அடைத்துவிடும் கோப்புகளுக்கு வேலிடேட் விருப்பத்தில் அதைச் சரிபார்க்கும் விசுடோ கட்டளையைக் கொடுத்துவிட்டால், பிழையுள்ள கோப்பு தன் இடத்துக்குப் போகவே போகாது.

சோதனைச் சர்வர்களுக்கும் உண்மைச் சர்வர்களுக்கும் இன்வென்டரிக் கோப்புகளை (சர்வர்களின் பட்டியல்) தனித்தனியாக வையுங்கள். எதையும் குறிப்பிடாதபோது சோதனையையே தொடும்படி இயல்புநிலையை அமையுங்கள். உண்மைச் சர்வர்களுக்கான ப்ளேயில், ஒரே நேரத்தில் எத்தனை சர்வர் என்று சொல்லும் சீரியல் மதிப்பை 1 என்று வைத்தால், முதல் சர்வரிலேயே கோளாறு தெரிந்து மற்றவை தப்பும்.

டெராஃபார்ம்

சர்வருக்குள் இருப்பவற்றை அன்சிபிள் பார்த்துக்கொள்ளும். சர்வர், வலையமைப்பு, டிஎன்எஸ் (தளப்பெயரை முகவரியோடு இணைக்கும் அமைப்பு) பதிவு ஆகியவற்றையே உருவாக்குவது டெராஃபார்மின் வேலை. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் இதன் உரிமத்தைத் திறமூலமல்லாத ஒன்றாக மாற்றியதைத் தொடர்ந்து, லினக்ஸ் ஃபவுண்டேஷனின்கீழ் ஓபன்டோஃபு என்ற கிளை உருவானது. இங்கே சொல்பவை பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

செய்யப்போவதைக் காட்டும் பிளான் கட்டளையின் வெளியீட்டைக் கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பையே, அதைச் செய்து முடிக்கும் அப்ளைக்குக் கொடுங்கள். அப்போதுதான் நீங்கள் வாசித்து ஒப்புக்கொண்டது மட்டும் நடக்கும். இடைப்பட்ட நேரத்தில் வேறொருவர் மாற்றியது உள்ளே நுழையாது. வாசிக்கும்போது கண் தேட வேண்டிய குறி, கழித்தலும் கூட்டலும் சேர்ந்து நிற்பது: இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கப்போகிறது என்று அதற்குப் பொருள். பெயரில் ஓர் எழுத்தை மாற்றியதற்காகத் தரவுத்தளத்தை அழித்து எழுப்பும் திட்டமும் அதே அமைதியான நடையில்தான் அச்சாகும். தரவு உள்ள வளங்களுக்கு ப்ரிவென்ட்டெஸ்ட்ராய் கொடுத்து வையுங்கள். அதையும் முழுமையாக நம்பிவிடக்கூடாது. கோப்பிலிருந்து அந்த வளத்தின் பகுதியையே நீக்கிவிட்டால், காப்பும் அதோடு சேர்ந்து போய்விடும். மேகக் கணினி நிறுவனம் தரும் அழிப்புத் தடையையும் சேர்த்தே இயக்குங்கள்.

ஒரே மாதிரியான பல சர்வர்களைக் கவுண்ட் மூலம் பட்டியலிலிருந்து உருவாக்கினால், அவை 0, 1, 2 என்று வரிசை எண்ணால் அறியப்படும். பட்டியலின் முதல் பெயரை நீக்கிய மறுகணம் மற்றவை அனைத்தும் ஓரிடம் முன்னே நகர்ந்து, தொடாத சர்வர்களும் மாற்றத்துக்கு உள்ளாகும். ஃபார்ஈச் ஒவ்வொன்றையும் பெயராலேயே அறிந்து வைத்துக்கொள்வதால் அந்தச் சிக்கல் எழாது.

உருவாக்கியவற்றின் நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்டேட் கோப்பில் கடவுச்சொற்கள் வெளிப்படையாகவே இருக்கும் என்பதால் அதைக் கிட்டுக்குள் வைக்காதீர்கள். பூட்டு வசதியுள்ள தொலைச் சேமிப்பில் வையுங்கள், டெராஃபார்ம் 1.10 முதல் அமேசானின் எஸ்3 சேமிப்பிலேயே தனி அட்டவணை இல்லாமல் பூட்ட முடிகிறது. ஓபன்டோஃபு 1.7 முதல் ஸ்டேட் கோப்பையே மறையாக்கம் செய்துகொள்ளலாம். ப்ரொவைடர் (மேகக் கணினி நிறுவனத்தோடு பேசும் செருகுநிரல்) பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பு மட்டும் கிட்டுக்குள் கட்டாயம் போக வேண்டும்.

நேரமிட்ட வேலைகள்

ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் ‘இரவு 2 மணி’ பேக்கப் தினமும் காலை 7:30க்கு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் உள்நுழையும் வேளையில் தளம் ஏன் தவழ்கிறது என்று பல வாரங்கள் தேடியிருக்கிறார்கள். சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர இடைவெளி. சர்வர்களை யுடிசியிலேயே வைத்திருப்பது நல்லதுதான், பதிவுகளை ஒப்பிட அதுவே வசதி. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் பழைய நிரலான கிரானுக்குப் பதிலாக, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமரைப் பயன்படுத்தினால், நேரத்தோடு ஏசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தையும் எழுதிவிடலாம். சிஸ்டம்டி அனலைஸ் கட்டளையின் காலண்டர் பிரிவு, அந்த வேலை அடுத்து எந்த நாளில் எந்த நேரத்தில் ஓடும் என்பதை முன்கூட்டியே பட்டியலிட்டுக் காட்டும். பெர்சிஸ்டன்ட் அமைப்பை இயக்கினால், சர்வர் அணைந்திருந்த வேளையில் தவறிய ஓட்டம் திரும்ப எழுந்ததும் நடக்கும்.

கிரானிலேயே தொடர்பவர்கள் இரண்டை நினைவில் வையுங்கள்: கட்டளைகளைத் தேடும் அடைவுகளைச் சொல்லும் அதன் பாத் மாறி மிகக் குறுகியது என்பதால் கட்டளைகளுக்கு முழுப் பாதை தேவை, வரியில் வரும் சதவீதக் குறியை அது புதுவரியாகக் கொள்ளும் என்பதால், கோப்புப் பெயரில் தேதி சேர்க்கும் கட்டளைகள் கையால் ஓட்டும்போது சரியாகவும் கிரானில் தவறாகவும் நடக்கும்.

தளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் காலாவதி எச்சரிக்கை மின்னஞ்சலை எதிர்பார்த்திருக்க வேண்டாம். 2025 ஜூனில் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட்டின் ரினியூ கட்டளையை ட்ரைரன் (ஒத்திகை) விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். புதுப்பித்த பின் என்ஜின்எக்ஸை மறுபடி ஏற்றும் டிப்ளாய்ஹுக்கும் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கோப்பு புதிதாகவும், நினைவகத்தில் உள்ள சான்றிதழ் பழையதாகவும் இருந்து காலாவதியாகும் தளங்கள் உண்டு.

சிஐ

பிளானையும் அன்சிபிள் ஒத்திகையையும் சிஐ (நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை) ஓட்டத்தில் சேர்த்து, கிளையை இணைக்கக் கோரும்போதே அவற்றின் வெளியீடு மறுபார்வையாளரின் கண்ணில் படும்படி செய்யுங்கள். அப்ளை மட்டும் ஒருவர் ஒப்புதல் தந்த பிறகு ஓடட்டும். பிறர் எழுதிய ஆக்ஷன்களை (சிஐயில் சேர்க்கும் ஆயத்தப் படிகள்) பயன்படுத்தும்போது பதிப்புக் குறிச்சொல்லை நம்ப வேண்டாம். 2025 மார்ச்சில் கிட்ஹப்பில் பலரும் பயன்படுத்திய டிஜே ஆக்ஷன்ஸ் சேஞ்ச்டு ஃபைல்ஸ் என்பதற்குள் ஊடுருவியவர்கள், பழைய குறிச்சொற்களையே தீய கமிட் ஒன்றை நோக்கித் திருப்பிவிட்டனர். அது இரகசியங்களைச் சிஐ பதிவுகளில் அச்சிட்டது. முழு கமிட் எண்ணால் கட்டிவைத்திருந்தவர்களின் ஓட்டத்தில் குறிச்சொல் மாறியதால் எந்த விளைவும் ஏற்பட வழியில்லை. சிஐ டோக்கனின் உரிமையையும் வாசிப்போடு நிறுத்தி, எழுத வேண்டிய வேலைக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள்.

பேக்கப்

கிட்லேப் நிகழ்வில் அழிப்பைவிட எனக்குப் பெரிய பாடமாகப் படுவது அதன் பின்பாதி. தினசரி பேக்கப் இருக்கிறது என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். தேடிப் பார்த்தபோது சேமிப்பிடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6; பேக்கப் எடுக்க முயன்ற பிஜிடம்ப் நிரலோ 9.2 பதிப்பு. அது நாள்தோறும் பிழையோடு நின்றது. பிழையை அறிவித்த மின்னஞ்சல்களோ டிமார்க் (மின்னஞ்சலை அனுப்பியவரை உறுதிசெய்யும் முறை) சரிபார்ப்பில் தேறாமல் யாரையும் சென்றடையவில்லை. வேறொரு தேவைக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன்னர் கையால் எடுத்திருந்த, அந்நேரத்து நிலையின் நகலான ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது.

ஆகவே தோல்வியை அறிவிக்கும் செய்தியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பேக்கப் வெற்றியாக முடிந்ததும் வெளியில் உள்ள ஒரு கண்காணிப்புச் சேவைக்கு அது தகவல் அனுப்பட்டும். குறித்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் அந்தச் சேவை உங்களை எழுப்பட்டும். மாதம் ஒரு முறை, டெராஃபார்மால் ஒரு தற்காலிகச் சர்வரை எழுப்பி, அன்சிபிளால் அதை அமைத்து, அண்மைய பேக்கப்பை அதில் ஏற்றும் ஓட்டத்தைச் சிஐயிலேயே எழுதிவையுங்கள். மேலே அமைத்தவை அனைத்தும் ஒருசேரச் சோதிக்கப்படுவது இந்த ஓட்டத்தில்தான். கோப்பின் அளவைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மீட்டெடுத்த தரவுத்தளத்தில் ஆகக் கடைசியாகப் பதிவான ஆர்டரோ பயனரோ எந்த நேரத்துக்குரியது என்று கேட்கும் ஒரு வினவலைச் சேருங்கள். அது 24 மணி நேரத்துக்கும் பழையதாக இருந்தால் ஓட்டம் தோல்வியில் முடியட்டும். முதல் இரண்டு மூன்று முறை இதைக் கையாலேயே செய்து, எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அந்தத் தற்காலிகச் சர்வரை அழிக்கலாம்; அழிக்கும் கட்டளையைத் தட்டுவதற்கு முன் ப்ராம்ப்ட் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.